கருதுகோள் பொய்த்த மாணவருக்கும் பட்டம் கொடுங்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களே, முனைவர் பட்டக் குழு உறுப்பினர்களே,

வணக்கம்.

மனிதர்கள் எதைத் தின்கிறார்கள், எதை வாங்குகிறார்கள், மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள், நடைப்பயிற்சியை ஏன் மூன்றாம் வாரமே கைவிடுகிறார்கள் என்றெல்லாம் ஆராயும் மாணவர்களை வழிநடத்துகிறவர்கள் நீங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியொரு மாணவன். உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிடும் ஆரோக்கியக் குறிப்பு வாங்குபவரின் முடிவை மாற்றுகிறதா என்பது என் தலைப்பு. மாற்றும் என்பது என் கருதுகோள், அதாவது சோதிப்பதற்காக முன்வைத்த ஊகம். மாதக்கணக்கில் அலைந்து தரவு சேர்த்து, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். மாற்றவில்லை என்று வந்தது.

"நன்றாகப் பாருப்பா, ஏதாவது இருக்கும்" என்றார் என் கைடு.

பார்த்தேன். முதலில் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தேன். அடுத்து வயது, அதற்கடுத்து வருமானம், பிறகு படிப்பு. மற்றவர்களோடு ஒட்டாமல் ஓரத்தில் நின்ற சில விடைகளை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டினேன். எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில், நடுத்தர வயதுப் பெண்களிடம் மட்டும் ஒரு வேறுபாடு தலைகாட்டியது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்ணான பி-மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. கைடு முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் திருத்தி, நடுத்தர வயதுப் பெண்கள் மீதுதான் ஆரம்பத்திலிருந்தே என் கவனம் இருந்தது போல எழுதினேன். பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் எல்லோரும் அந்தப் பகுதியைத்தான் பாராட்டினார்கள்.

நான் பொய்த் தரவு எதையும் உருவாக்கவில்லை. எந்த எண்ணையும் கையால் மாற்றவில்லை. என் கைடும் மோசமானவர் இல்லை. தன் மாணவன் தேற வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். இதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஏமாற்றும் எண்ணம் யாருக்குமே இல்லாதபோதும் ஒரு பொய் எப்படித் தயாராகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் நான்.

கணக்கு எளிமையானது. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத தரவில் ஒரு சோதனை ஓட்டினால், தற்செயலாக 'வேறுபாடு உண்டு' என்று வர 5 சதவீத வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் ஓட்டினால், அவற்றில் ஒன்றாவது அப்படி வர 64 சதவீத வாய்ப்பு. பாதிக்கும் மேல். ஆண்-பெண், வயது, வருமானம், படிப்பு, ஊர், குடும்ப அளவு என்று பிரித்துக்கொண்டே போகும் மாணவருக்கு 20 என்பது ஒரு பிற்பகல் வேலை. ஆய்வேட்டில் அந்த இருபதில் ஒன்று மட்டும் ஏறுகிறது. படிப்பவருக்கு மீதிப் பத்தொன்பதும் நடந்ததே தெரியாது.

என் கதை சின்னக் கதை; என் ஆய்வேட்டை நூலகக் கறையான் தவிர வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பெரிய கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்ததுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவு, நுகர்வோர் நடத்தை பற்றிய ஆய்வகத்தை நடத்திவந்த பிரையன் வான்சிங்க், 2016 நவம்பரில் தன் இணையப் பக்கத்தில் ஒரு மாணவியைப் புகழ்ந்து எழுதினார். அளவில்லாமல் சாப்பிடும் உணவகம் ஒன்றில் சேகரித்த தரவு, எதிர்பார்த்த எதையும் காட்டாமல் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த முனைவர் பட்ட மாணவியிடம் அதைக் கொடுத்து, இதில் மீட்டெடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்றாராம். மாணவி நாள்தோறும் புதுப்புது முடிவுகளோடு வந்தார். இருவரும் உட்கார்ந்து அவற்றுக்குப் புதுப்புதுக் கருதுகோள்கள் தேடினார்கள். நான்கு கட்டுரைகள் வெளிவந்தன. அதே வேலையைச் செய்ய மறுத்த இன்னொரு ஆய்வாளரோடு ஒப்பிட்டு, இவருடைய உழைப்பை மெச்சியிருந்தார்.

முன்னுதாரணமாக நினைத்துத்தான் அதை எழுதினார். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒளித்து வைக்க வேண்டிய செயல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். டிம் வான் டெர் ஸீ, ஜோர்டன் அனாயா, நிக்கோலஸ் பிரவுன் என்ற மூவர் அந்த நான்கு கட்டுரைகளின் எண்களை உட்கார்ந்து சரிபார்த்து, ஏறத்தாழ 150 முரண்பாடுகளைப் பட்டியலிட்டார்கள். 2018 செப்டம்பரில் ஜாமா மருத்துவ இதழ்க் குழுமம் வான்சிங்கின் ஆறு கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. அவர் ஆய்வு நெறி தவறினார் என்று பல்கலைக்கழக விசாரணை முடிவு செய்தது; அவரும் பதவி விலகினார். அதற்குள் அவருடைய ஆய்வுகளை ஒட்டி எழுந்த யோசனைகள் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பள்ளிகளின் சாப்பாட்டுக் கூடங்கள்வரை போயிருந்தன.

அந்த மாணவியைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரை யாரும் ஏமாற்றச் சொல்லவில்லை. உழைக்கச் சொன்னார்கள். உழைத்தார். "இல்லை" என்று சொல்லத் தெரியாத மாணவர் நல்ல மாணவர் என்று நம் துறையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை ஊட்டுகிறவர்கள் நெறியாளர்களான நீங்கள்தான். கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர்களும் நீங்களே என்பதால் மாணவரால் அதை மீறவும் முடிவதில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பட்டம் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கேள்வியையும் முறையையும் பார்த்து, தரவு வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கருதுகோள் பொய்த்தால் பொய்க்கட்டும்.

இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். மனித நடத்தையை ஆராயும் துறையில் இதற்கு அவசரம் அதிகம். நாம் அளக்கும் பொருளே வழுக்கும் பொருள். அளவுகோலைக் கொஞ்சம் சாய்த்தால் வேண்டிய விடை கிடைத்துவிடும்.

ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930 முதல் 1932 வரை ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம். தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குள் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டு அந்த இடங்களுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் எழுதிய 128 இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றன. 1934-இல் இதை வெளியிட்டார். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று பின்னாளில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் வினாத்தாளும் வாசலும் வேறு வேறு என்று அன்றே தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் மாணவர்கள் "இந்தப் பொருளை வாங்குவீர்களா? மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை..." என்று கேட்டுவிட்டு, அதற்கு 'வாங்கும் நடத்தை' என்று தலைப்பிடுகிறார்கள்.

உடல்நல ஆய்வில் நிலைமை இன்னும் மோசம். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொல்லும் சிலரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் உடலின் ஆற்றல் செலவை நேரடியாக அளந்து கண்டுபிடித்தார்கள். 1992-இல் வந்த கட்டுரை அது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பலர் வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரியவில்லை. தங்களைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை அளந்த பற்பல ஆய்வுகளை உளவியலாளர் பாஸ்கல் ஷீரன் 2002-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்களுக்கிடையே செயலில் காணும் வேறுபாட்டில் 28 சதவீதத்தைத்தான் எண்ணம் விளக்கியது.

இவ்வளவு வழுக்கும் நிலத்தில் கருதுகோள் பொய்ப்பதுதான் இயல்பு. பத்து மாணவர்கள் நேர்மையாக உழைத்தால் பாதிப் பேருக்காவது "எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்றுதான் வர வேண்டும். உங்கள் துறை நூலகத்தின் அலமாரிக்கு ஒருமுறை போய் ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். 'கருதுகோள் ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது.' நம் மாணவர்கள் எல்லோரும் தீர்க்கதரிசிகளா என்ன?

இந்தச் சந்தேகத்துக்கு அளவெடுத்துப் பார்த்த விடை இருக்கிறது. தரவு சேர்க்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தை இதழுக்கு அனுப்பி, கேள்வியையும் முறையையும் மட்டும் வைத்து ஏற்பு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2013-இல் கார்டெக்ஸ் என்ற இதழ் தொடங்கியது. முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்பது அதில் இதழ் கொடுக்கும் வாக்கு. அப்படி வந்த உளவியல் கட்டுரைகளையும் வழக்கமான முறையில் வந்தவற்றையும் ஆன் ஷீல் முதலிய ஆய்வாளர்கள் 2021-இல் ஒப்பிட்டார்கள். வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் முதல் கருதுகோள் நிறைவேறியதாகச் சொன்னது. முன்பே ஏற்பு பெற்றவற்றில் 44 சதவீதம்.

மருத்துவத்திலும் இதே கதைதான். இதய நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த பெரிய சோதனைகளை 2015-இல் ராபர்ட் கேப்லனும் வெரோனிகா இர்வினும் எடுத்துப் பார்த்தார்கள். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்வது 2000-ஆம் ஆண்டையொட்டி வழக்கமானது. அதற்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, மருந்தோ சத்து மாத்திரையோ பயன் தந்ததாகச் சொன்னது. அதற்குப் பின் வந்த 25-இல் இரண்டுதான் அப்படிச் சொன்னது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனால் முன்கூட்டியே வாயைக் கட்டியதும் வெற்றி இவ்வளவு சுருங்கிப்போவதைப் பார்த்தால், பழைய வெற்றிகளில் எத்தனை பிறகு கண்டெடுத்தவையோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கே 384-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைப்புக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுகர்வோர் ஆய்வேடு எதைத் திறந்தாலும் மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் தரவு எடுத்தார்கள் என்ற எண், 384 என்று இருக்கிறது. கிரெய்சியும் மார்கனும் 1970-இல் போட்டுக்கொடுத்த அட்டவணையிலிருந்து வந்த எண். மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும், 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தை மதிப்பிட இவ்வளவு பேர் போதும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சமவாய்ப்பு இருக்கும்படி ஆட்களை எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். வாட்ஸாப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பி, நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் நிரப்பிய 384 தாள்களுக்கு அந்த அட்டவணையோடு எந்த உறவும் இல்லை. அது மந்திர எண் போல ஆகிவிட்டது. கமிட்டியில் "மாதிரி அளவு என்ன?" என்று கேட்பார்கள், 384 என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எங்கிருந்து கிடைத்தார்கள் அந்த 384 பேர் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாட்ஸாப் ஆசாமிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். நானே என் மனதுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டவை.

"ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அதில் என்ன புதுமை? யார் படிப்பார்கள்?" என்பீர்கள். ஜாம் ஆய்வை நினைத்துப் பாருங்கள். ஷீனா ஐயங்கார் மாணவியாக இருந்தபோது தொடங்கிய வேலை. மார்க் லெப்பரோடு சேர்ந்து 2000-இல் வெளியிட்டார். கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம் பேர். அழகான ஆய்வு, எளிதில் மனதில் நிற்கும் எண்கள். தேர்வு கூடினால் மனிதன் திணறுவான் என்பது மேலாண்மை வகுப்புகளில் வேதவாக்காகிவிட்டது. 2010-இல் ஷைபெஹென்னெ முதலிய மூவர் இதே கேள்வியைக் கேட்ட 50 சோதனைகளைத் திரட்டினார்கள். சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். சில சோதனைகளில் தேர்வு கூடியது கெடுத்தது, சிலவற்றில் உதவியது. எந்த நிலைமையில் கெடுக்கும் என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் ஒழுங்கான விடைகள் வரத் தொடங்கின. அவர்கள் திரட்டியதில் அச்சேறாத சோதனைகளும் சேர்த்தி. யாரோ ஒருவர் "ஒன்றும் வரவில்லை" என்று இழுப்பறையில் போட்ட தாள் அங்கே எண்ணிக்கைக்குள் வந்தது. அப்படிக் கிடக்கும் தாள்களின் தொல்லையைப் பற்றி உளவியலாளர் ராபர்ட் ரோசெந்தால் 1979-இலேயே எழுதிவிட்டார். இழுப்பறைச் சிக்கல் என்றே அதற்குப் பெயர். இழுப்பறையை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள் என்பது என் எண்ணம். நிரந்தர வேலையில் உள்ளவருக்கு ஒரு தோல்வி தாங்கும். மூன்றாண்டு உதவித்தொகையில் இருப்பவருக்குத் தாங்காது.

"அப்படியானால் சோம்பேறி மாணவன்கூட 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிவிடுவானே?" இது கனமான மறுப்பு. தேடியும் கிடைக்காதது வேறு, தேடவே தெரியாதது வேறு. முப்பது பேரிடம் மோசமான வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வேறுபாடு இல்லை என்று சொன்னால், அது கண்ணை மூடிக்கொண்டு நிலா இல்லை என்பதற்குச் சமம். ஆகவேதான் முன்கூட்டியே பாருங்கள் என்கிறேன். பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு ஒரு விளைவு இருந்தால் அதைப் பிடிக்கப் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா, அளவுகோல் அளக்க வேண்டியதை அளக்கிறதா, வாய்வார்த்தையை நம்பாமல் ரசீதையோ மருந்துப் பட்டையில் மீந்த மாத்திரைகளையோ எண்ண வழி இருக்கிறதா என்று திட்டம் வைக்கும் நாளிலேயே குடைந்து கேளுங்கள். இப்போது அந்த நாளில் என்ன நடக்கிறது? தலைப்பில் ஒரு சொல்லை மாற்றச் சொல்கிறீர்கள். மேற்கோள் நடை சரியில்லை என்கிறீர்கள். இன்னும் நாலு பழைய ஆய்வுகளைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். கடுமை முழுவதையும் வாய்மொழித் தேர்வுக்குச் சேர்த்து வைக்கிறீர்கள், மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லாத நாளுக்கு.

"தரவைத் துருவிப் பார்ப்பது தவறா? எத்தனையோ கண்டுபிடிப்புகள் அப்படித்தானே வந்தன?" தவறே இல்லை. துருவிப் பார்த்தேன் என்று எழுதட்டும். என் நடுத்தர வயதுப் பெண்கள் ஒருவேளை உண்மையாகவே வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாம். "இருபது விதமாகப் பிரித்துப் பார்த்தேன், இந்த ஒன்றில் மட்டும் இப்படித் தெரிகிறது, இன்னொருவர் புதுத் தரவில் சோதிக்க வேண்டும்" என்று நான் எழுதியிருந்தால் அது நல்ல வரி. அடுத்து வந்த மாணவருக்கு ஒரு தலைப்பாகவும் ஆகியிருக்கும். நானோ அதை முதல் அத்தியாயத்துக்கு நகர்த்தி, கருதுகோள் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"வேலைக்குப் போகும்போது கட்டுரை எங்கே என்று கேட்பார்களே?" கேட்பார்கள். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. திட்டத்துக்கே ஏற்பு தரும் இதழ்கள் இப்போது பல இருக்கின்றன. முனைவர் பட்டத்தின் முதலாண்டிலேயே அங்கே அனுப்பி ஏற்பு வாங்கிவிட்டால், திட்டப்படி செய்து முடிக்கும்வரை, தரவு எப்படி வந்தாலும் மாணவருக்கு ஒரு கட்டுரை நிச்சயம். பழைய முறையைவிட அது பாதுகாப்பானதாகக்கூட எனக்குப் படுகிறது. ஆனால் நெறியாளர் தானே அப்படி ஒன்றை அனுப்பிப் பழகாமல் மாணவரை மட்டும் அனுப்பச் சொன்னால் நடக்காது.

பெரிய சீர்திருத்தங்கள் நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஓட்டிப் பார்த்துவிட்டு ஏட்டில் சேர்க்காமல் விட்டது எதையெல்லாம்?" மிரட்டலாகக் கேட்காதீர்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். சாதாரணமாக, மாதிரி அளவைக் கேட்பது போலக் கேளுங்கள்.

என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வேறுபாடு இல்லை என்று காட்டிய அந்த முதல் அச்சுத்தாள் அன்று என் பையில்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆய்வு மாணவன்